மாதத்துக்கு ஐந்து

ஜனவரி 31

அன்புள்ள வாலு,

எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. மாடிப்படி ஏறும்போது மட்டும் முழங்கால் முணுமுணுக்கிறது. உன் தலைவலி எப்படி இருக்கிறது? ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டிவிடுகிறவள் தன் கண்ணைக் கவனிக்காமல் இருக்கிறாயே. அத்தையின் இருமல் நின்றதா? அத்தை என்றுதான் இன்னும் வருகிறது, வேறு எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

இந்த மாதத்தின் ஐந்து. முதலில் ஒரு நாவல். ரயிலில் ஜன்னலோர இருக்கையில் கிடந்ததாக எங்களிடம் வந்தது. தொலைந்த பொருள் அலுவலகத்தில் வேலை செய்வதில் இது ஒன்றுதான் லாபம். அண்ணன் தம்பி இருவர் ஒரே வீட்டைப் பாதியாகப் பிரித்துக்கொண்டு, நடுவில் இருக்கும் கதவை யார் மூடுவது என்று சண்டை போடுகிறார்கள். நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் ஒரு சலவைக்கடைச் சீட்டு அடையாளமாக இருந்தது. அதோடு நிறுத்திவிட்டேன். உரியவர் போன இடம் வரைதான் நானும் போகலாம். தொண்ணூறு நாள் யாரும் தேடி வராவிட்டால்தான் மீதி.

அடுத்தது, ரேடியோவில் ஒரு பெண் பாடிய பாட்டு. வரிக்கு நடுவே அவள் மூச்சு வாங்கியதை யாரும் வெட்டி எடுக்கவில்லை. பாட்டைவிட அந்த மூச்சு நன்றாக இருந்தது.

மூன்றாவது, ஒரு பெரியவர். குடை கேட்டு வந்தார். "கருப்புக் குடைம்மா" என்றார். அலமாரியில் நாற்பத்தொரு கருப்புக் குடைகள் இருக்கின்றன. வெளியே தெரியாத அடையாளம் ஒன்று சொன்னால்தான் கொடுப்போம். ரொம்ப நேரம் யோசித்து, "உள்ள ஒரு கம்பியில என் பொண்டாட்டி பச்சை நூல் சுத்தியிருப்பா" என்றார். இருந்தது.

நான்காவது, எலுமிச்சை வாசனையில் புது சோப்பு. ஐந்தாவது, மூன்றே கால் மணி வெயில். ஜன்னலிலிருந்து மேஜையைக் கடந்து என் கைக்கு வர எட்டு நிமிடம் எடுத்துக்கொள்கிறது.

நம் சட்டம் நினைவிருக்கட்டும். ஐந்துக்கு மேல் வேண்டாம், போன் வேண்டாம், நேரில் வர வேண்டாம், உன் அண்ணனைப் பற்றி ஒரு எழுத்து வேண்டாம். போன மாதம் "வீட்டில் எல்லாரும் நலம்" என்று எழுதியிருந்தாய். அந்த "எல்லாரும்" என்பதில் அவரும் இருக்கிறார்.

அன்புடன்,

 

பிப்ரவரி 28

அன்புள்ள அண்ணிக்கு,

நானும் அம்மாவும் சுகம். "எல்லாரும்" என்று எழுதவில்லை, கவனித்தீர்களா? இருமல் நின்றுவிட்டது. என் தலைவலிக்குக் காரணம் நான் போட்டிருந்த கண்ணாடிதானாம். எங்கள் கடையிலேயே வாங்கியது, வெளியில் சொல்லிவிடாதீர்கள். முழங்காலுக்கு டாக்டரைப் பாருங்கள். முணுமுணுப்பது ஒரு நாள் கத்த ஆரம்பித்துவிடும்.

என் ஐந்தில் முதலாவது, கடையில் கண்டுபிடித்தது. புதுக் கண்ணாடி மாட்டியதும் யாரும் முதலில் கண்ணாடியில் முகம் பார்ப்பதில்லை. தன் நகத்தைப் பார்க்கிறார்கள். இந்த மாதம் எண்ணினேன், இருபத்திரண்டு பேரில் பத்தொன்பது பேர். இரண்டாவது, பக்கத்து அரங்கத்தில் போட்ட ஒரு நாடகம். மேடையில் ஒரே ஒருவர், ஒரே ஒரு நாற்காலி. அந்த நாற்காலியை அவர் திட்டத் திட்ட அது தலை குனிவது போலவே இருந்தது. மூன்று டிக்கெட்டும் முன் வரிசை, அவர் வியர்வை எங்கள் மேல் தெறித்தது. அப்புறம் முழுதாக ஒரே சுருளாக வந்த ஆரஞ்சுத் தோல். பஸ்ஸில் என் தோளில் தூங்கிய யாரோ ஒரு பெண் குழந்தை. ஐந்தாவது, உங்கள் கடிதம். ஒவ்வொரு முறையும் அதையே எழுதுகிறேன் என்று திட்டுவீர்கள். திட்டுங்கள்.

ஒன்று கேட்கட்டுமா? நாலு வருடமாக உங்கள் கடிதத்தின் கடைசியில் "அன்புடன்" இருக்கிறது, அதற்குக் கீழே வெறும் காகிதம். பெட்டியோடு கிளம்பும்போது வாசலில் வைத்து, "இனிமே நான் உனக்கு என்ன முறைன்னே தெரியலடி" என்று சொன்னீர்கள். விவாகரத்துக் காகிதத்தில் உங்கள் இரண்டு பேர் பெயரும்தான் இருந்தது, அண்ணி. நான் யாரையும் விவாகரத்து செய்யவில்லை.

என்றும் உங்கள்
வாலு

 

மார்ச் 31

அன்புள்ள வாலு,

முழங்காலை டாக்டரிடம் காட்டினேன். "வயசாகுதுல்ல" என்றார். அவருக்கு என்னைவிடப் பத்து வயது அதிகம் இருக்கும். நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? அத்தை வெந்நீர் குடிக்கிறாரா?

முதலாவது, இன்று நானும் என் நகத்தைப் பார்த்தேன். கண்ணாடி இல்லாமலே. இரண்டாவது, ஸ்டேஷனில் நடந்த புகைப்படக் கண்காட்சி. யாரோ ஒருவர் பத்து வருடமாக மூடிய கடைகளின் கதவுகளை மட்டும் படம் எடுத்திருக்கிறார். ரயிலுக்கு ஓடுகிறவர்கள் கூட ஒரு நொடி நின்றார்கள். மூன்றாவது, ஒரு ஜோடிச் செருப்பு. ரயிலில் செருப்பை மறந்துவிட்டு வெறுங்காலோடு இறங்கிப் போன அந்த மனிதர் எந்த யோசனையில் இருந்திருப்பார்? நாவலுக்கு இன்னும் ஆள் வரவில்லை. நூற்றுப் பன்னிரண்டிலேயே நிற்கிறேன்.

நான்காவது பழைய விஷயம். நேற்று தனியாகச் சாப்பிடும்போது நினைவு வந்தது. உனக்குப் பதினேழு வயது. மாதக் கடைசி நாள் சாப்பாட்டு மேஜையில் நான் அந்த மாதம் பார்த்ததையும் கேட்டதையும் விரல் விட்டு ஐந்து சொல்வேன். எதிரில் ஒரு செய்தித்தாள் இருக்கும். அதற்குப் பின்னாலிருந்து "ம்" என்று வரும். ஆறு வருடமும் அந்த "ம்" மாறவில்லை. சண்டை போட்டிருந்தால்கூட இருந்திருப்பேனோ என்னவோ. ஒரு நாள் நீ உன் தட்டை எடுத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, "அப்புறம்?" என்றாய். அந்த "அப்புறம்" தான் நான்காவது.

ஐந்தாவது இல்லை. அதற்குப் பதில் ஒன்று. நீயும் அத்தையும் இரண்டு பேர். நாடகத்துக்கு மூன்று டிக்கெட். நான் எதுவும் கேட்கவில்லை. எனக்கு எண்ணத் தெரியும், அவ்வளவுதான்.

அன்புடன்,

 

மே 9

அன்புள்ள அண்ணிக்கு,

எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. அம்மா நன்றாக இருக்கிறாள். கடையில் வேலையும் அதிகம் இல்லை. விதவிதமாகப் பொய் எழுதி, எழுதியதைக் கிழித்ததில் ஒன்பது நாள் போய்விட்டது.

இன்று சட்டத்தை மீறுகிறேன். அண்ணனுக்குக் கல்யாணம். ஜூன் பதினாலாம் தேதி, பதிவு அலுவலகத்தில். அண்ணன் கட்டிக்கொள்ளப் போகிறவர் ஒரு பல் டாக்டரிடம் உதவியாளராக இருக்கிறார். நாடகத்துக்கு என்னையும் அம்மாவையும் கூட்டிப்போனதே அவர்தான்.

மோசமானவராக இருந்திருந்தால் எவ்வளவு சௌகரியமாக இருந்திருக்கும்! வாய் ஓயாமல் திட்டி உங்களுக்கு எழுதியிருப்பேன். நல்லவர், அண்ணி. பயப்படுகிறவர்கள் கையைப் பிடித்துக்கொள்வதுதான் அவர் வேலையே. அம்மாவுக்குப் பல் பிடுங்கிய அன்று முக்கால் மணி நேரம் பிடித்துக்கொண்டிருந்தார்.

அம்மா சொல்லிவிட்டாள், "இனிமே அவங்களை அண்ணின்னு கூப்பிடு" என்று. வாயில் வரமாட்டேன் என்கிறது. மூன்று மாதமாக ஒரு முறையும் சொல்லாமல் சமாளிக்கிறேன். "கொஞ்சம் இங்க பாருங்க", "டீ ஆறுது, குடிச்சிடுங்க", "நாளைக்கு வருவீங்கல்ல". அவர் அடுத்த அறையில் இருந்தால் எழுந்து போய் எதிரில் நிற்கிறேன். ஒரு நாள் கூப்பிட வழியில்லாமல் கதவைத் தட்டினேன். கதவு திறந்துதான் இருந்தது. அவர் சிரித்துவிட்டார்.

அந்த வார்த்தையை உங்களிடமிருந்து பிடுங்கி இன்னொருவருக்குக் கொடுக்கச் சொல்கிறார்கள். நான் என்ன செய்யட்டும்?

என்றும் உங்கள்
வாலு

 

மே 20

அன்புள்ள வாலு,

நலம். அத்தைக்கு மென்மையான உணவாகக் கொடு.

அவரை அண்ணி என்று கூப்பிடு. நல்லவர் என்று நீயே எழுதியிருக்கிறாய். புதிதாக ஒரு வீட்டுக்குள் நுழைகிறவரை அந்த வீட்டுப் பெண் எதுவும் சொல்லிக் கூப்பிடாமல் இருந்தால் எப்படி இருக்கும் என்று யோசித்தாயா? எனக்கு நினைவிருக்கிறது. முதல் நாள் நீ ஓடி வந்து "அண்ணி, பாத்ரூம் கதவு லூசா இருக்கும், உதைச்சுத்தான் சாத்தணும்" என்றாய். அந்தக் கதவோடு நான் அந்த வீட்டுக்காரி ஆனேன். அவருக்கும் சொல்லு.

இனி எழுதாதே. நீ எனக்கு எழுதிக்கொண்டிருக்கும் வரை அந்த வார்த்தை அவரிடம் போகாது. நீ எழுதினால் படிப்பேன், அதைத் தடுக்க என்னால் முடியாது. பதில் போட மாட்டேன்.

இந்த மாதம் ஐந்து இல்லை.

அன்புடன்,

 

ஜூன் 30

அன்புள்ள அண்ணிக்கு,

நலமா? பதில் வராது என்று தெரியும். இருந்தாலும் கேட்பேன். முழங்கால்?

பதிவு அலுவலகத்தில் பேனா எழுதவில்லை. என் கைப்பையிலிருந்த பேனாவைக் கேட்டார்கள். நீங்கள் கொடுத்த பச்சைப் பேனா. கொடுத்தேன். வேறு என்ன செய்ய? இது பட்டியலில் வராது.

பாத்ரூம் கதவைப் பற்றி அவரிடம் சொன்னேன். "அண்ணி" என்று ஆரம்பித்தேன், சத்தியமாக ஆரம்பித்தேன். "அ" வரை வந்தது. அதற்குப் பிறகு தும்மிவிட்டேன். வேண்டுமென்றே இல்லை.

ஐந்து: மாடியில் காயப்போட்ட துணி காற்றில் தானாக மடிந்தது. ஒரு படம், கடைசிக் காட்சியில் கதாநாயகி வீட்டைப் பூட்டிவிட்டுச் சாவியை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நடக்கிறாள். தெருமுனை பேக்கரியில் காலை முதல் ரொட்டியின் சூடு. பக்கத்து வீட்டில் யாரோ புல்லாங்குழல் கற்றுக்கொள்கிறார்கள், மோசமாக, ஆனால் தினமும். ஐந்தாவது வழக்கம்போல உங்கள் கடிதம். பழையதை எடுத்துப் படித்தேன்.

வீட்டு மேஜையில் இப்போது பேச்சு இருக்கிறது. அதற்கு மேல் எழுத மாட்டேன்.

என்றும் உங்கள்
வாலு

 

ஜூலை 31

அண்ணி,

எல்லாரும் சுகம். ஆமாம், "எல்லாரும்". கோபத்தில்தான் எழுதுகிறேன்.

யாரோ மறந்துவிட்டுப் போன ஓட்டைக் குடையைக்கூடத் தொண்ணூறு நாள் பத்திரமாக வைத்திருக்கிறீர்கள். சீட்டுக் கட்டி, எண் போட்டு. என்னை ஒரு பக்கக் கடிதத்தில் முடித்துவிட்டீர்கள். மே இருபதிலிருந்து எண்ணுகிறேன். ஆகஸ்ட் பதினெட்டோடு தொண்ணூறு. அதற்குப் பிறகு எழுத மாட்டேன்.

இந்த மாதம் நல்லது நிறையப் பார்த்தேன். ஐந்துக்கு மேலேயே இருக்கும். உங்களிடம் சொல்ல முடியாது என்றதும் எல்லாம் பார்த்ததோடு சரி.

வாலு

 

ஆகஸ்ட் 17

வணக்கம்.

உங்களை எப்படி அழைப்பது என்று தெரியாததால் வணக்கத்தோடு தொடங்குகிறேன். நீங்கள் நலமாக இருக்க வேண்டும். நான் யார் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். பல் டாக்டரிடம் வேலை செய்கிறவள். போன கடிதத்தைத் தபாலில் போடச் சொல்லி வாலு என்னிடம் கொடுத்தாள். முகவரியைக் குறித்துக்கொண்டேன். உறையைப் பிரிக்கவில்லை. முகவரி எடுத்ததே தப்புதான், மன்னியுங்கள்.

சமையலறை காலண்டரில் நாளைய தேதியைச் சுற்றி அவள் சிவப்பு வட்டம் போட்டிருக்கிறாள். ஒரு வாரமாகச் சரியாகச் சாப்பிடவில்லை. "என்னம்மா ஆச்சு" என்று கேட்டேன். அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள்.

அவள் எனக்காக அந்த வார்த்தையைச் சொல்ல முயற்சி செய்து தும்முகிறாள், இருமுகிறாள். பார்க்கவே பாவமாக இருக்கிறது. நேற்று நானே சொல்லிவிட்டேன். "எனக்குக் கூடப்பிறந்தவங்க யாரும் இல்ல. என்னை அக்கான்னு கூப்பிடு. அண்ணின்னு கூப்பிட உனக்கு ஒருத்தங்க இருக்காங்க" என்று. உடனே "அக்கா" என்றாள். மூச்சு விடாமல் நாலு தடவை. அத்தைக்கு முகம் சுருங்கியது. நான் பார்த்துக்கொள்கிறேன்.

இன்னொரு விஷயம். இதை வாலு உங்களுக்கு எழுதவில்லை என்றாள், உங்களுக்கு வலிக்கும் என்று. எழுதாமல் இருப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

மாதக் கடைசி நாளில், சாப்பிடும்போது, அவர் எங்கள் ஒவ்வொருவரிடமும் கேட்கிறார். "இந்த மாசம் என்ன அஞ்சு?" முதல் தடவை கேட்டபோது அவருடைய பழக்கம் என்று நினைத்துச் சந்தோஷமாகச் சொன்னேன். வாலு தட்டோடு எழுந்து போய்விட்டாள். பிறகு தனியாக அவரிடம் கேட்டேன். "அவ சொல்லுவா. நான் பேப்பர் படிச்சிட்டிருப்பேன்" என்றார். அப்புறம், "ஒரு தடவை மழையில நனைஞ்ச பஸ் டிக்கெட்டைக் கொண்டுவந்து காட்டினா. மை ஊறி, ஒரு ஓரம் மட்டும் நீலமா ஆயிருக்குன்னு. அன்னிக்கு நிமிர்ந்து பார்த்திருக்கலாம்" என்றார்.

இந்த வீட்டில் எனக்குக் கிடைப்பதில் கொஞ்சம் உங்களுடையது. தெரிந்த பிறகு சொல்லாமல் அனுபவிக்க முடியவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
வாலுவின் அக்கா

 

ஆகஸ்ட் 29

வணக்கம்.

உங்கள் கடிதம் கிடைத்தது. நீங்களும் அத்தையும் நலமாக இருக்க வேண்டும். நன்றி என்று எழுதிப் பார்த்தேன், போதவில்லை. வேறு வார்த்தையும் கிடைக்கவில்லை.

மழைக்காலத்தில் பாத்ரூம் கதவை உதைத்தாலும் சாத்தாது. கீழே கொஞ்சம் சோப்பு தேய்த்தால் சாத்தும்.

செய்தித்தாளை மேஜைக்கு வர விடாதீர்கள்.

அன்புடன்,

 

ஆகஸ்ட் 31

என் வாலு,

நான் சுகமாக இல்லை. முழங்காலைச் சொல்லவில்லை. அது பாட்டுக்கு இருக்கிறது. நீ எப்படி இருக்கிறாய்? சாப்பிடு. முதலில் சாப்பிடு, அப்புறம் இதைப் படி.

மே மாதத்திலிருந்து எனக்கும் அதே கதைதான். பெரிய மனுஷி மாதிரி "எழுதாதே" என்று எழுதிவிட்டு, அடுத்த வாரமே ஒரு நல்ல பாட்டைக் கேட்டேன். மூன்று என்று எண்ணினேன். யாருக்கு மூன்று? நான்கு வருடம் நான் இந்த ஊரில் இருந்ததே உனக்குச் சொல்ல ஐந்து சேர்ப்பதற்காகத்தான். தனியாக இருக்கிறேன், நிம்மதியாக இருக்கிறேன் என்றெல்லாம் சொல்லிக்கொண்டது சும்மா. போனில் பேசினால் உன் குரலுக்குப் பின்னால் அந்த வீட்டுச் சத்தம் கேட்கும், தாங்காது என்றுதான் கடிதம் போதும் என்றேன். நீ எழுதிய இரண்டையும் மேஜை டிராயரில் வைத்து, ஒவ்வொன்றிலும் சீட்டுக் கட்டி எண் போட்டிருக்கிறேன். என்னிடம் யாரும் ஒரு பக்கத்தில் முடிந்துபோவதில்லை, கழுதை.

உன் அக்கா எழுதியதைப் பல தடவை படித்தேன். அந்த மேஜையில் அவர் இப்போது கேட்கிறார் என்பதைப் படித்ததும் வேலையில் உட்கார முடியவில்லை. நடைமேடையில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தேன். எனக்கு வந்திருக்க வேண்டியது. என் ஆறு வருடத்தில் ஒரே ஒரு நாள் வந்திருந்தால் போதுமே என்று கோபம் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டும் அடங்க நாலைந்து ரயில் போக வேண்டியிருந்தது.

ஆனால் அந்த பஸ் டிக்கெட். அன்று நீ மேஜையில் இல்லை, காய்ச்சலில் படுத்திருந்தாய். அத்தை உன் பக்கத்தில் இருந்தார். நானும் அந்தச் செய்தித்தாளும்தான். நீலம் என்று சொன்னது வேறு யாருக்கும் தெரியாது. வெளியே தெரியாத அடையாளம். தப்பே இல்லை, என் பொருள்தான். அந்த "ம்" க்குப் பின்னால் ஒருவர் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். தாமதமாக வந்தது, பயன்படுத்த முடியாது, இருந்தாலும் வாங்கி வைத்துக்கொண்டேன். இந்த மாதத்தின் ஒன்று அதுதான்.

இரண்டு, நாவல். தொண்ணூறு நாள் ஏப்ரலிலேயே முடிந்துவிட்டது. மனசு வராமல் வைத்திருந்தேன். நேற்று அந்தச் சலவைச் சீட்டை எடுத்துவிட்டு நூற்றுப் பதின்மூன்றாம் பக்கத்தைத் திருப்பினேன். கதவை யாரும் மூடவில்லை. திறந்தபடியே விட்டு, இரண்டு பேரும் அவரவர் பக்கத்தில் சமைக்கிறார்கள். மேலே படித்துக்கொண்டிருக்கிறேன். மூன்று, நீ நாலு தடவை "அக்கா" என்று சொன்னது. நல்ல பெண்ணடி அவர், படுத்தாதே. நான்கு, உன் தும்மல்.

ஐந்தாவதை எழுத மாட்டேன், நேரில் வாங்கிக்கொள்கிறேன். அடுத்த மாதம் கடைக்கு லீவு சொல்லிவிட்டு வா. மூன்றாம் நடைமேடையின் கடைசிக் கதவு, உள்ளே ஒரு கவுண்டர் இருக்கும். நான் நிமிர்ந்து பார்க்காமல், "என்ன தொலைச்சீங்க?" என்று கேட்பேன். சட்டப்படி கேட்டே ஆக வேண்டும். சரியாகச் சொன்னால்தான் எழுந்து வெளியே வருவேன்.

அன்புடன்,
உன் அண்ணி